நாற்பத்தொன்றாவது டின்

என் வீட்டுக்காரர் இனிமேல் கோதுமையைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று, என் மடியில் ஒரு பை நிறைய பன் இருந்தது. நான் பேக்கரியில் வேலை பார்க்கிறவள். விற்காமல் மிஞ்சியதை வேலை முடிந்து போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்பது முதலாளி முதல் நாளே சொன்ன ஏற்பாடு. இருபத்திரண்டு வருஷமாக எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு என்றால் அதுதான். ரொட்டி, இல்லாவிட்டால் பன், இரண்டும் இல்லாவிட்டால் நேற்றைய ரொட்டி. அப்படிப்பட்ட வீட்டில் ஒருத்தருக்குக் கோதுமை ஆகாது என்றால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவர் பஸ் ஓட்டுகிறவர். டிப்போவில் அவருக்குத் தாலாட்டு என்று பெயர். அவர் பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறவனுக்கும் கண்ணைச் சொக்கும், பிரேக் போட்டதே தெரியாது. அந்த மனுஷர் ஒருநாள் சிவப்பு சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். நல்லவேளை, பஸ் நின்றுகொண்டிருந்தது. உடம்பில் ரத்தமே இல்லை என்றார்கள். எத்தனை மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை. கடைசியில் ஒரு லேடி டாக்டர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தார். கோதுமையில் குளூட்டன் என்று ஒன்று இருக்கிறதாம். மாவைப் பிசைந்தால் இழுபடுகிறதே, அந்தப் பசை. அது இவர் குடலை அரித்திருக்கிறது, அதனால் தின்பது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. இதற்கு மருந்து கிடையாது. துளி கோதுமைகூட உள்ளே போகக் கூடாது, அவ்வளவுதான் வைத்தியம். நான் இத்தனை வருஷம் சோறு தின்றதே அந்தப் பசையால்தான் என்று டாக்டரிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

டிப்போவில் அவரிடமிருந்து பஸ்ஸை வாங்கிக்கொண்டு, பயணிகள் தொலைத்த சாமான்களை வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். குடை, கண்ணாடி, ஒற்றைச் செருப்பு. ஒரு வருஷம் பொறுப்போம் என்றார்கள். அதற்குள் 'இவர் வண்டி ஓட்டலாம்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பஸ் திரும்பக் கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஓட்டுவதைத் தவிர அவருக்கு வேறு எதுவும் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. எங்கள் கல்யாணத்துக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஷிஃப்டுக்கு நேரமாகிறது என்று கிளம்பின ஆள்.

சரி, விடு என்றால் விட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்பவர்கள் ஒருநாள் விட்டுப் பார்க்கட்டும். டீயோடு பிஸ்கட் வரும். டிப்போவில் வாரம் ஒருத்தன் ரிட்டயர் ஆவான், இல்லை பிறந்தநாள் கொண்டாடுவான், கேக் வெட்டுவான். "ஒரு வாய்ண்ணே, ஒரு வாய்ல என்ன ஆயிடப்போவுது" என்று ஒருத்தன் வாய்கிட்டயே கொண்டுவந்து நீட்டுவான். வேண்டாம் என்றால் மூஞ்சி தொங்கிவிடும். சாஸில் கோதுமை, சூப்பில் கோதுமை, இருமல் மிட்டாயில்கூட இருக்குமோ என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி மேலேயே ரொட்டி வாசனை. எங்கள் மகள் அப்பாவுக்குத் தெரியாமல் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு பன் தின்பாள். பதினாறு வயசுப் பெண் பாத்ரூமில் நின்று தின்கிற வீடு எங்கள் வீடு. அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி ரேடியோவைச் சத்தமாக வைப்பார்.

இதற்கெல்லாம் அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. குறை சொல்லாததுதான் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. ஆனால் அதற்கு முன்னால் ரொட்டிக் கதையைச் சொல்ல வேண்டும்.

முதல் மாதம் அவர் சோறும் உருளைக்கிழங்கும் தின்று நாக்குச் செத்துப் போய் உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. பேக்கரிக்காரி வீட்டில் ஒருத்தருக்கு ரொட்டி இல்லை என்றால் எனக்கு என்ன மரியாதை. அரிசி மாவு, சோள மாவு, உருளைக்கிழங்கு மாவு மூன்றும் வாங்கினேன். காலை நாலரைக்கு, மற்றவர்கள் வருவதற்கு முன்னால் பேக்கரிக்குப் போய், மைதா மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே அவருக்குத் தனியாக ஒரு ரொட்டி போட ஆரம்பித்தேன். முதலில் வந்ததெல்லாம் செங்கல். அவர் செங்கலையும் டீயில் நனைத்துத் தின்றார். எட்டாவதோ ஒன்பதாவதோ தடவை ரொட்டி மாதிரி ஒன்று வந்தது. அதைக் கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். அமுங்கி எழுந்தது. "ரொட்டிடி," என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் அன்று முழுக்க அடுப்பு முன்னால் சிரித்துக்கொண்டே நின்றேன் என்று அடுப்புக்காரர் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

அதிலிருந்து தினமும் அதே கதை. நாலு மணிக்கு எழுந்திரு, இருட்டில் நட, அவர் ரொட்டியை முடி, பிறகு கடை ரொட்டி நாற்பது, பிறகு பன், பிறகு கேக். மத்தியானத்துக்குள் முழங்கால் என்னுடையதா இல்லையா என்று தெரியாது. அவர் மாவுக்குத் தனி டப்பா, தனி பாத்திரம், தனி கரண்டி. ரொட்டி வேகிற டின்கூடத் தனி. யாரும் தெரியாமல் எடுத்துவிடக் கூடாது என்று அதன் விளிம்பில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தேன். யாராவது அந்தக் கரண்டியைத் தொட்டால் நான் போடுகிற கத்தலில் முதலாளியே உள்ளே வர மாட்டார்.

இத்தனை செய்தும் அவர் முகம் வெளுத்தேதான் இருந்தது. வயிறு ஊதியிருக்கும். படி ஏறினால் மூச்சு வாங்கும். மூன்று மாதத்தில் தெரியும் என்று டாக்டர் சொன்னது நாலு மாதமாகியும் தெரியவில்லை. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் இங்கே தலைகீழாக நின்று ரொட்டி போடுகிறேன், இவர் அங்கே டிப்போவில் டீக்குப் பிஸ்கட் நனைத்துக்கொண்டிருக்கிறார்.

அதன்பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரைக் கவனித்தேன். சட்டையைத் துவைக்கப் போடும் சாக்கில் பையைத் திருப்பித் தூள் இருக்கிறதா என்று பார்ப்பேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கிட்டே போய் மீசையை மோந்து பார்ப்பேன். ஒருநாள் டிப்போ டீக்கடை அம்மாவிடமே போய் விசாரித்தேன். "அவரா, வெறும் டீ மட்டும்தாம்மா குடிப்பாரு. பிஸ்கட் பாட்டில் பக்கம் திரும்பக்கூட மாட்டாரு," என்றாள். இவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஒருத்தரைத் திருடன் என்று முடிவு கட்டிவிட்டால், அவருக்குச் சாதகமாகச் சொல்கிறவர்களும் கூட்டாளிகளாகத்தான் தெரிவார்கள்.

ஏழாவது மாதம் ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்தோம். டாக்டர் தாளைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"கோதுமை சாப்பிடறீங்களா?"

"இல்லைங்க."

"வெளிய எங்கயாவது, கொஞ்சமா?"

"இல்லைங்க டாக்டர். ஒரு தூள்கூட இல்ல."

"கோதுமைக்கு எதிரா ரத்தத்துல இருக்கறது கொஞ்சமாவது குறைஞ்சிருக்கணுமே. குறையவே இல்ல. உள்ள போய்ட்டுதான் இருக்கு."

எனக்கு உச்சந்தலை சூடானது. ஏழு மாதத் தூக்கமும் ஒரே சமயத்தில் வந்து மண்டையில் உட்கார்ந்தது.

"அவர் திங்கறாரு டாக்டர்," என்றேன். "நான் நாலு மணிக்கு எழுந்து இவருக்குன்னு தனியா வேற மாவுல ரொட்டி சுட்டுக் கொடுக்கறேன். வீட்டுல ஒரு தப்பும் கிடையாது. இவர்தான் வெளிய திங்கறாரு. கேட்டா மூஞ்சியப் பச்சப்புள்ள மாதிரி வச்சுக்குவாரு." அப்புறம் அவர் பக்கம் திரும்பி, நாலு பேர் முன்னால் ஒருநாளும் சொல்லாத 'நீ'யைச் சொன்னேன். "நீ உண்மையச் சொல்லு. ஏன் இப்படி என் உயிர வாங்கற?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டு, "நான் திங்கல," என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னால் யார் நம்புவார்கள்.

டாக்டர் எழுதினார். தலைகீழாகத் தெரிந்தாலும் படித்துவிட்டேன். 'நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைப் பின்பற்றவில்லை.' வெள்ளிக்கிழமை இந்த அறிக்கை டிப்போவுக்குப் போக வேண்டும் என்றும், போனால் அவர்கள் மேற்கொண்டு காத்திருக்க மாட்டார்கள் என்றும் சொன்னார். சொல்லும்போது அவர் குரலிலும் அலுப்புத்தான் இருந்தது. இந்த மாதிரி தினமும் எத்தனை பேரைப் பார்க்கிறாரோ.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு இடம் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, டிரைவர் கியர் மாற்றுகிற கையையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தும் என் கோபம் இறங்கவில்லை. மகள் டியூஷன் போயிருந்தாள். அன்றைக்கு மிஞ்சின பன்களில் நல்லதாக ஒன்றை, மேலே வெண்ணெய் பூசிப் பளபளவென்று இருப்பதை எடுத்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

"இந்தா, தின்னு. ஒளிஞ்சு திங்க வேணாம். என் கண்ணு முன்னாடியே தின்னு. எல்லாந்தான் முடிஞ்சு போச்சே."

அவர் பன்னைப் பார்த்தார். குனிந்து மோந்தார். ஏழு மாதத்தில் அவர் அப்படி மோந்து நான் பார்த்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை உள்ளே இழுத்து, விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். தொண்டை ஏறி இறங்கியது. கை மேஜை மேல் கொஞ்சம் நகர்ந்தது. இப்போது எடுப்பார், இதோ எடுத்துவிட்டார், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நான் நின்றேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாகவே இருந்தது.

அவர் இன்னொரு தட்டை எடுத்துப் பன் மேல் கவிழ்த்து மூடினார்.

"பஸ் போனாலும் போகட்டும்," என்றார். "எப்படியும் திருடன்னு ஆயிடுச்சு, தின்னுட்டா என்னன்னு எனக்கும் தோணுது. ஆனா தின்னா, நீ சொன்னது நெஜமாயிடும்."

எழுந்து போய் அலமாரியிலிருந்து நான் சுட்ட ரொட்டியை எடுத்து, ஒரு துண்டு வெட்டி, நின்றுகொண்டே தின்றார். முழுக்க மென்று தின்றார். கீழே விழுந்த தூளைக்கூட விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

படுத்தபிறகு கால் வலித்தது, தூக்கம் வரவில்லை. இவர் தின்னவில்லை என்றால் கோதுமை எங்கிருந்து போகிறது. அந்தக் கேள்வியை ஏழு மாதத்தில் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். அதற்கு முன்னால் எனக்குப் பதில் தெரிந்திருந்ததால் கேள்வி தேவைப்படவில்லை.

மறுநாள் வேலை வழக்கம்போல ஓடியது. ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் டின்களைத் தயார் செய்து வைப்பது என் வேலை. கழுவிக் காய்ந்த டின்களை வரிசையாக வைத்து, உள்ளே எண்ணெய் தடவி, ஒரு பிடி மைதாவைத் தூவி, டின்னைச் சுற்றிச் சுற்றித் தட்டி, மீதியை அடுத்த டின்னில் கொட்ட வேண்டும். உள்பக்கம் முழுக்க மெல்லிசாக மாவு ஒட்டிக்கொள்ளும். ரொட்டி வெந்தபிறகு டின்னில் ஒட்டாமல் முழுசாகக் கழன்று வரும். அதை நான் பார்த்துச் செய்வதில்லை. பேசிக்கொண்டே, கடைக்கு வந்த ஆளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே, பாதித் தூக்கத்தில்கூடச் செய்வேன். காலையில் வந்ததும் மாவைக் கொட்ட டின் தயாராக இருக்கும்.

அன்று அடுப்புக்காரர் தன் மாமியார் கதை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் ம் கொட்டிக்கொண்டே தட்டிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. நாற்பதாவது டின்னில் மிஞ்சின மைதாவை அடுத்ததில் கொட்டி, சுற்றி, தட்டினேன். பொடி பறந்தது. விளிம்பில் சிவப்புப் பெயின்ட்.

என் கை நின்றது.

"அப்புறம் அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா," என்று அடுப்புக்காரர் கேட்டார்.

"அண்ணே," என்றேன். "நான் இந்த டின்னுக்கும் தினமும் மாவு தூவறேனா?"

"தூவற. எல்லா டின்னுக்கும்தான தூவற. ஏன்?"

"எத்தனை நாளா?"

"இது என்ன கேள்வி? நீ டின்ன வரிசையா வச்சா கடைசி டின் வரைக்கும் போயிட்டுதான நிப்ப."

நான் மைதா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். தனி டப்பா, தனி பாத்திரம், தனி கரண்டி. கரண்டியைத் தொட்டவனைக் கடித்துக் குதறியிருக்கிறேன். ஒவ்வொரு நாளும் அந்த அரிசி மாவை, மைதா பூசிய டின்னில் நானே ஊற்றியிருக்கிறேன். ரொட்டியின் அடியிலும் பக்கத்திலும் லேசாக வெள்ளை ஒட்டியிருக்கும். அழகாகக் கழன்று வருகிறது என்று பெருமைப்பட்டிருக்கிறேன். அவர் டிப்போவில் கேக்குக்கு முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து என் கையால் விஷம் தின்றிருக்கிறார். அதுவும் தூளை ஒற்றி ஒற்றி.

அந்த டின்னைப் பையில் போட்டுக்கொண்டு, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் டாக்டரிடம் போனேன். கம்பவுண்டர் நாளைக்கு வாருங்கள் என்றார். நாளைக்கு என்றால் இங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

டின்னை மேஜை மேல் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். விரல் நுனி வெள்ளையானது.

"வேற மாவுல சுடறேன்னுதான் சொன்னீங்க. பேக்கரிலன்னு சொல்லலையே."

"நீங்க கேக்கல. நானும் சொல்லல. என் கைல தப்பு நடக்காதுன்னு நெனச்சேன்."

"டின்ன விடுங்கம்மா. அங்க காத்துலயே மாவு பறக்குது. அந்த இடத்துல அவருக்கு எதுவும் செய்யவே கூடாது." கொஞ்சம் யோசித்தார். "சரி, இது ஒரு காரணம். அதுக்காக அவர் வெளிய சாப்பிடலன்னு ஆயிடுமா? நேத்து நீங்கதான அவ்வளவு உறுதியாச் சொன்னீங்க."

நேற்று நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அந்த அறையிலேயே இருந்தது. அதெல்லாம் பொய் என்பதற்கு என்னால் எந்தச் சாட்சியும் காட்ட முடியவில்லை.

"நேத்து நான் சொன்னத எழுதிட்டீங்கல்ல டாக்டர்," என்றேன். "இன்னைக்கு நான் சொல்றதையும் எழுதுங்க. அவர் ஒண்ணுமே திங்கல. நான்தான் ஊட்டியிருக்கேன். என் பேரப் போட்டு எழுதுங்க, கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் பழைய வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, இரண்டு வரி எழுதினார். இன்னும் மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்ப்பதாகவும், அதுவரை முடிவெடுக்க வேண்டாம் என்றும் டிப்போவுக்கு எழுதினார். வருஷம் முடிய நாலு மாதத்துக்கு மேல் இருக்கிறது, குடல் ஆறுகிற குடல்தான், பார்க்கலாம் என்றார். நகல் ஒன்று வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் உருளைக்கிழங்கு வேகவைத்து இறக்கியிருந்தார். அலமாரியில் என் ரொட்டி பாதி இருந்தது. முதலில் அதை எடுத்துக் குப்பையில் போட்டேன். பிறகு அவரிடம் தாளை நீட்டினேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, எழுத்துக்கூட்டுகிற மாதிரி மெதுவாகப் படித்தார்.

"'நோயாளி உணவுக் கட்டுப்பாட்டைத் தவறாமல் பின்பற்றியுள்ளார். அவருக்குத் தெரியாமல் வீட்டு உணவில் கோதுமை கலந்துள்ளது.'" நிமிர்ந்தார். "யார் கலந்தா?"

"நான்தான்."

டின்னைப் பற்றிச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அப்ப அந்த ரொட்டி இனிமே கிடையாதா?"

"கிடையாது. அங்க எதுவுமே செய்யக் கூடாதாம்."

"நல்லா இருந்துச்சு," என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் தாளை மடித்து வைத்தார். மறுபடியும் பிரித்தார்.

"இது டாக்டர் எழுதினது. சரி. நீ சொல்லு."

"என்ன சொல்லணும்?"

"நேத்து அங்க சொன்னியே. இப்ப சொல்லு."

இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் தப்பை ஒப்புக்கொண்டதே இல்லை. வீட்டில் எனக்கு அது வழக்கமில்லை.

"நீங்க திங்கல," என்றேன். மறுபடியும் சொன்னேன். "நீங்க ஒரு நாளும் திங்கல. நான்தான் நம்பல."

அவர் தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பார்க்க முடியாமல், ஏதாவது செய்ய வேண்டும் என்று, உருளைக்கிழங்கு இருந்த பாத்திரத்துக்குக் கை நீட்டினேன். ஒன்றை உரித்து அவர் தட்டில் வைக்கலாம் என்றுதான்.

அவர் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கை," என்றார்.

கோபத்தில் சொல்லவில்லை. ஏழு மாதமாகக் கேக் நீட்டுகிறவனிடமெல்லாம் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அதே மாதிரி, களைப்பாக, மெதுவாகச் சொன்னார். நான் என் கையைப் பார்த்தேன். நகக் கண்ணில் மைதா, ரேகையில் மைதா, முழங்கை மடிப்பு வரைக்கும் மைதா. அவர் பாத்திரத்தைத் தட்டால் மூடிவிட்டுக் காத்திருந்தார். நான் எழுந்து குளிக்கப் போனேன்.